விமானத்துக்கும் உண்டு வெள்ளோட்டம்: கொட்டகையை விட்டு வந்த பிறகும் ஏன் பறப்பதில்லை?

புதிய விமானத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து வருகிறார்கள். கைதட்டல், படங்கள், பேச்சுகள். செய்தியைப் படிப்பவர் அடுத்த வாரமே அது வானேறும் என்று நினைத்துக்கொள்கிறார். பிறகு மாதக்கணக்கில் பேச்சே இல்லை. தேஜஸ் போர் விமானத்தின் முதல் மாதிரி 1995 நவம்பர் 17 அன்று வெளியே வந்தது. முதலில் பறந்தது 2001 ஜனவரி 4 அன்றுதான். ஒலியைவிட வேகமாகப் போகும்போதும் வெடிச்சத்தம் எழுப்பாமல் இருக்க வேண்டும் என்று நாசாவுக்காக லாக்ஹீட் மார்ட்டின் கட்டிய எக்ஸ்-59, 2024 ஜனவரி 12 அன்று காட்சிக்கு வந்தது. பறந்தது 2025 அக்டோபர் 28. இருபத்தொரு மாதம் அது தரையிலேயே கிடந்தது.

கோவை அருகே சூலூரில் தேஜஸ் படையணிகள் குடிவந்த பிறகு, தமிழக-கேரள எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. 45ஆம் படையணி 2018இல் அங்கே வந்தது. 18ஆம் படையணி 2020 மே 27 அன்று அங்கே பணி தொடங்கியது. அந்த விமானத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "அஞ்சு வருஷம் தரையில வச்சு என்னதான் செஞ்சாங்க?" என்ற கேள்வி வந்தே தீரும். அரசாங்கத் தாமதம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் உண்டு. தாமதம் இருந்தது உண்மைதான். ஆனால் தரையில் நடக்கும் வேலை என்னவென்று தெரிந்தால் அந்த ஒரு வரி போதாது என்பது புரியும்.

புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்பே ஒருநாள் வெள்ளோட்டம் விடுவார்கள். கல்பாத்தித் தேரைப் பார்த்து வளர்ந்த பாலக்காட்டுத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சு தாங்குகிறதா, சக்கரம் ஒரு பக்கம் இழுக்கிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் தேர் அங்கேயே நிற்கும்; ஆசாரி உளியை எடுப்பார். விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. அதன் வெள்ளோட்டத்தைத் துண்டு துண்டாக, பெரும்பகுதி நின்ற இடத்திலேயே நடத்த வேண்டியிருக்கிறது.

தரைச் சோதனை எதற்கு?

'சோதனை விமானம்' என்றால் இரண்டில் ஒன்று: இதற்கு முன் யாரும் பறக்கவிடாத புது வடிவம், அல்லது ஆர்வலர் ஒருவர் தம் கையால் கட்டிய ஒற்றை விமானம். இரண்டுக்கும் வழக்கமான தகுதிச் சான்றிதழ் இன்னும் கிடையாது. இந்தியாவில் பயணிகள், தனியார் விமானங்களுக்கு டிஜிசிஏ என்ற விமானப் போக்குவரத்து இயக்ககமும், ராணுவ விமானங்களுக்கு பெங்களூரில் உள்ள செமிலாக் என்ற தகுதிச் சான்று அமைப்பும் முதல் பறப்புக்கு முன் அனுமதி தர வேண்டும்.

தரைச் சோதனை, விமானம் பறக்கும் என்று நிரூபிப்பதற்காக நடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பறக்குமா என்பதைக் கணக்கும், சிறு மாதிரியின்மேல் காற்றைப் பாய்ச்சிப் பார்க்கும் காற்றுச் சுரங்கமும் முன்பே பெரும்பாலும் சொல்லிவிட்டன. தரையில் நின்றே பதில் தெரிந்துகொள்ளக்கூடிய கேள்வி ஒன்றைக்கூட விமானியோடு மேலே அனுப்பக் கூடாது என்பதே இங்கே நோக்கம்.

எடையும் அது விழும் இடமும்

வாளையாறில் லாரியை எடைமேடையில் ஏற்றுவதைப் போலவே விமானத்தையும் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் தனித்தனித் தராசு. விமானம் பறக்கும்போது நிற்கும் மட்டத்துக்கு உடலை நிமிர்த்தி வைத்து அளக்க வேண்டும். கொட்டகைக் கதவையும் சாத்திவிடுவார்கள். லேசான காற்றுகூட இறக்கையைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டிவிடும்.

மொத்த எடையைவிட முக்கியமானது, அந்த எடை எந்தப் புள்ளியில் மையம் கொள்கிறது என்பது. ஒரு சிறிய விமானத்தை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரத்தில் 120 கிலோ, பின்னால் இரண்டு சக்கரங்களிலும் தலா 240 கிலோ, ஆக 600. மூக்கு நுனியிலிருந்து முன்சக்கரம் 0.5 மீட்டரிலும், பின்சக்கரங்கள் 2 மீட்டரிலும் இருக்கின்றன. எடையைத் தூரத்தால் பெருக்கினால் 60, 960, கூட்டினால் 1020. அதை 600ஆல் வகுத்தால் மையம் 1.70 மீட்டரில் விழுகிறது. இப்போது 3.2 மீட்டர் தள்ளி, பின்னால், 20 கிலோ பை ஒன்றை வைத்தால் மையம் ஏறக்குறைய 1.75 மீட்டருக்கு நகர்ந்துவிடும். மொத்த எடையில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு பை, மையத்தை ஐந்து சென்டிமீட்டர் தள்ளுகிறது. சிறு விமானங்களில் மையம் நகர அனுமதிக்கப்படும் இடைவெளியே சில அங்குலங்கள்தான்.

மையம் அளவுக்கு மீறி முன்னே போனால் மூக்கு கனக்கும். தரையிறங்கும்போது தூக்கக் கஷ்டம். பின்னே போனால்தான் ஆபத்து. பின் கேரியரில் இரண்டு நெல் மூட்டை கட்டிய மொபெட் மேடேறும்போது முன்சக்கரம் தூக்கும் அல்லவா? ஓட்டுபவர் காலை ஊன்றிச் சமாளித்துவிடுவார். விமானத்தில் ஊன்ற எதுவும் இல்லை. மூக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும், வேகம் குறையும், இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும்.

இறக்கை எவ்வளவு தாங்கும்?

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். பறக்கும் வாழ்நாளில் விமானம் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமை 'எல்லைச் சுமை'. அதுவரை இறக்கை வளையலாம். சுமை போனதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதன் ஒன்றரை மடங்கு 'உச்சச் சுமை'. அங்கே இறக்கை கோணிப்போகலாம், ஆனால் மூன்று விநாடியாவது முறியாமல் நிற்க வேண்டும்.

600 கிலோ எடையுள்ள சாதாரண வகைச் சிறு விமானத்துக்கு எல்லைச் சுமை எடையைப் போல 3.8 மடங்கு, அதாவது 2,280 கிலோ. உச்சச் சுமை 3,420 கிலோ. சிமென்ட் மூட்டைக் கணக்கில் 68 மூட்டை. கைவினை விமானம் கட்டுபவர்கள் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கிட்டத்தட்ட இப்படித்தான் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். காற்று மேல்நோக்கித் தூக்கும் விசைக்குப் பதிலாக மணலின் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. பெரிய ஆலைகளில் நீரியல் (ஹைட்ராலிக்) தண்டுகள் இழுக்கும். ஒரு தண்டின் இழுப்பை நுகத்தடி போன்ற அடுக்கடுக்கான சட்டங்கள் இரண்டாக, நாலாக, எட்டாகப் பிரித்து இறக்கை முழுவதும் பரப்பும். இரண்டு மாட்டின் இழுப்பை ஒரே ஏர்க்காலில் சேர்க்கும் வேலையைத் திருப்பிப் போட்டது போல.

போயிங் 777இன் இறக்கை 1995 ஜனவரியில் எல்லைச் சுமையின் 154 விழுக்காட்டில் முறிந்தது. நுனி ஏழு மீட்டருக்கும் மேல் வளைந்திருந்தது. ஏர்பஸ் ஏ380இன் இறக்கை 2006 பிப்ரவரியில் 150ஐத் தொடும் முன்னே முறிந்துபோனது, வலுவூட்டம் சேர்த்தார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஏ380 வகை 2005 ஏப்ரலிலேயே பறந்துவிட்டது. முறிக்கும் சோதனைக்கென்று தனி உடல் கட்டுவார்கள், பறக்கப்போகும் உடலை முறிக்க மாட்டார்கள். முழு முறிவுச் சோதனை முடியும் முன்பே குறைந்த சுமை வரம்போடு பறக்க அனுமதி கிடைப்பதும் உண்டு. 'இறக்கை முறிந்தது' என்ற தலைப்பைப் பார்த்துப் பதறும் முன் எந்த உடல், எத்தனை விழுக்காடு என்று பார்ப்பது நல்லது.

காற்று ஊட்டி வளர்க்கும் அதிர்வு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே அந்தக் காற்று இறங்கும் சித்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள் வேறொன்றையும் பார்த்திருப்பார்கள்: கயிற்றில் காயும் வேட்டி. மெல்லிய காற்றில் அசையும். கொஞ்சம் கூடினால் ஆடும். ஒரு வேகத்தைத் தாண்டியதும் படபடவென்று அடித்துக்கொண்டு, பிடித்து நிறுத்தினால் ஒழிய நிற்காது. காற்று அதை அசைக்கிறது, அசைவு காற்றின் அழுத்தத்தை மாற்றுகிறது, மாறிய அழுத்தம் அசைவை இன்னும் பெரிதாக்குகிறது. விமான இறக்கையிலும் வாலிலும் இதே வினைதான் 'ஃப்ளட்டர்'.

உறுதியாகத் தெரியும் இறக்கையும் உண்மையில் ஒரு வில்தான். அது மேலும் கீழும் வளையும், முறுக்கிக்கொண்டும் திரும்பும். இரண்டுக்கும் தனித்தனி இயல்பான தாளம் உண்டு. வேகம் கூடக் கூட இந்த இரண்டு தாளங்களும் ஒன்றையொன்று நெருங்கி வரும். சேர்ந்துவிட்டால் ஓடும் காற்றிலிருந்து சக்தியை உறிஞ்சி அதிர்வு தானாக வளரும். சில விநாடிகளில் இறக்கையோ வாலோ பிய்ந்துபோகும். விமானி என்ன என்று உணர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1916இல் பிரிட்டனின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் இப்படிக் கடுமையாக அதிர்ந்தது. வாலின் இரண்டு எலிவேட்டர்களும் (மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் மடல்கள்) தனித்தனியாக ஆடியதுதான் காரணம் என்று ஆராய்ந்து, ஒரு குழாயால் இரண்டையும் இணைத்துச் சரிசெய்தார்கள்.

தரையில் காற்றில்லாமல் இதை எப்படிச் சோதிப்பது? ஃப்ளட்டரை வரவழைப்பதில்லை, தாளங்களை மட்டும் அளக்கிறார்கள். விமானத்தை மிருதுவான கயிறுகளில் தொங்கவிடுவார்கள், அல்லது காற்றுப் பைகள்மேல் உட்கார வைப்பார்கள். வானில் மிதப்பதாக அதை ஏமாற்ற வேண்டும். இறக்கை நுனி, வால், எஞ்சின் தாங்கி என்று பல இடங்களில் அதிர்வுக் கருவிகளைப் பொருத்தி மெல்லக் குலுக்குவார்கள். உடல் முழுக்க ஒட்டப்பட்ட உணரிகள் எந்தத் தாளத்தில் எந்தப் பகுதி எவ்வளவு ஆடுகிறது, ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பதிவுசெய்யும். கணினி சொன்ன எண்களோடு அவற்றை ஒப்பிடுவார்கள். ஒத்துப்போனால் கணினி கணித்த ஃப்ளட்டர் வேகத்தை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் விமானத்தில் கோளாறு என்று அர்த்தமில்லை. நாம் அதைப் புரிந்துகொண்டது தவறு. என் கணிப்பில் அதுதான் கோளாறைவிட மோசம், ஏனென்றால் அதன் பிறகு எந்த வேக வரம்பையும் நம்ப முடியாது.

கைவினை விமானத்தில் இந்தக் கருவியெல்லாம் கிடையாது. அங்கே கண்ணும் கையும்தான்: கீல்களில் தொளதொளப்பு இருக்கிறதா, அசையும் பரப்புகளின் எடை சமன்செய்யப்பட்டதா என்று பார்ப்பது. வண்ணம் பூசிய பின் மறுபடி சமன் பார்க்க வேண்டும். ஏலரானின் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையில் மேலும் கீழும் அசையும் மடல்) பின்விளிம்பில் கூடுதலாக ஒரு பூச்சு பெயிண்ட் ஏறினாலே சமன் கெடும்.

இடப்பக்கம் சாய்த்தால் எந்தப் பக்கம் எழும்?

கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் இந்தச் சோதனை பல உயிர்களின் விலை. 1947 ஆகஸ்ட் 23 அன்று ஆவ்ரோ டியூடர் மாதிரி விமானம் ஒன்று இங்கிலாந்தில் எழும்பியதும் விழுந்தது. ஏலரான் கேபிள்கள் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் அதில் இறந்தவர்களில் ஒருவர். பழங்காலத் தவறு என்று ஒதுக்கவும் முடியாது: 2018 நவம்பரில் ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் விமானம் போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து எழும்பியபோது ஏலரான்கள் தலைகீழாக வேலை செய்தன. நெடுநேரப் போராட்டத்துக்குப் பிறகு விமானிகள் அதை பேஜா தளத்தில் இறக்கினார்கள்.

கட்டுப்பாட்டுக் கோலைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே நீட்டு. கோலை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கட்டைவிரல் காட்டும் பக்கத்து ஏலரான் மேலே எழ வேண்டும். விமானிகள் பழகும் எளிய வழி இது. "தடையில்லாமல் அசைகிறது" என்று சொன்னால் மட்டும் போதாது; "சரியான பக்கம் அசைகிறது" என்றும் சொல்ல வேண்டும். அதுவும் கேபிளைப் பொருத்தியவர் சொல்லக் கூடாது, வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தேஜஸ் போன்ற விமானத்தில் கேபிளே இல்லை. கோலின் அசைவைக் கணினி படித்து, பரப்புகளை அசைக்கும் மோட்டார்களுக்கு ஆணையிடுகிறது. தேஜஸ் வேண்டுமென்றே நிலைப்புக் குறைவாக வடிவமைக்கப்பட்டது. கணினி ஒரு கணம் தூங்கினாலும் விமானி கையால் பிடிக்க முடியாது. ஆகவே நான்கு தனித்தனிக் கணினித் தடங்கள். இதைச் சோதிக்க 'இரும்புப் பறவை' என்று ஒன்றைக் கட்டினார்கள்: விமானத்தின் உண்மையான நீரியல் குழாய்கள், மோட்டார்கள், கணினிகள் எல்லாம் அதே இடைவெளியில் ஓர் இரும்புச் சட்டத்தில். அது எங்கும் போகாது. ஆனால் தான் பறப்பதாகக் கணினி நம்பும். அதன் ஒரு குழாயை அடைத்து, ஒரு கணினியை அணைத்து, மற்றவை எப்படிச் சமாளிக்கின்றன என்று மணிக்கணக்கில் பார்த்தார்கள். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடை வந்து, இந்தக் கட்டுப்பாட்டு அமைப்பில் கிடைத்துவந்த வெளியுதவி நின்றது. அந்த ஐந்து ஆண்டுகளில் கணிசமான பகுதி இங்கேதான் கரைந்தது.

எக்ஸ்-59க்கும் 2025 மே மாதத்தில் இதுபோன்ற ஒன்று நடந்தது. தனிச் சட்டம் இல்லை. உண்மையான விமானத்துக்கே தான் பறப்பதாகக் கணினி வழியே நம்பவைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'அலுமினியப் பறவை'.

எரிபொருளும் எஞ்சினும்

வரிசை இது:

1. எரிபொருள் ஓட்டம். மூக்கை, விமானம் மிகச் சரிவாக ஏறும் கோணத்துக்குத் தூக்கி, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். தொட்டியிலிருந்து தானாக இறங்கும் அமைப்பானால் எஞ்சின் முழு வேகத்தில் குடிப்பதில் 150 விழுக்காடு வர வேண்டும். பம்பு இருந்தால் 125. அளக்கும் கருவியே சரியா என்ற கேள்வியும் உண்டு. கஞ்சிக்கோட்டில் உள்ள திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலைகளில் ஒன்று ஓட்டமானிகளைத் தரப்படுத்தித் தருவது.

2. கசிவு, அழுத்தம், முதல் இயக்கம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, வாலுக்குச் சங்கிலி, பக்கத்தில் தீயணைப்பான். சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, மூடியைத் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

3. முழு விசை. எக்ஸ்-59இன் எஃப்414 எஞ்சின் முதலில் ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். பின்னெரிப்போடு (வெளியேறும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளை எரித்து விசையைக் கூட்டுவது) முழு விசைக்குப் போனது அதே ஆண்டு டிசம்பரில்.

4. மின்காந்தக் குறுக்கீடு. மிக்ஸி ஓடினால் பழைய டிவியில் கோடு விழுமே, அதுதான். எல்லாக் கருவிகளையும் சேர்த்து ஓடவிட்டு ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறதா என்று பார்ப்பது. எக்ஸ்-59க்கு இது உயிர்ப் பிரச்சினை. அதற்கு முன்கண்ணாடி கிடையாது, விமானி கேமராத் திரையில்தான் முன்னால் பார்க்கிறார்.

பிஸ்டன் எஞ்சின் விஷயத்தில் ஒரு தலைகீழ் உண்மை உண்டு. புது எஞ்சினைத் தரையில் அதிக நேரம் ஓட்டிச் சோதித்தால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றும். கூடாது. குறைந்த விசையில் நெடுநேரம் ஓடினால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒழுங்காகப் படியாமல், சுவர் பளபளத்து, எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். நின்ற இடத்தில் குளிர்விக்கும் காற்றும் போதாது. அதற்கு நல்லது பறப்பதுதான். இந்த இடத்தில் எச்சரிக்கையே கேடாகிறது.

ஓடுபாதையில்: தரையும் இல்லை, வானும் இல்லை

எல்லாம் தேறிய பிறகு விமானம் தன் விசையில் நகரும். மெதுவான ஓட்டத்தில் சிக்கல் குறைவு: பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, முன்சக்கரம் நடுங்குகிறதா என்று பார்ப்பது. எக்ஸ்-59 2025 ஜூலை 10 அன்று இதைத் தொடங்கியது. காற்று கண்விழிக்கும் முன் விடியற்காலையில் செய்வது வழக்கம்.

வேக ஓட்டம்தான் நான் நீண்டு எழுத வேண்டிய இடம். செய்திகளில் இது 'பறப்பதற்கு முந்தைய பாதுகாப்பான படி' என்று வரும். அனுபவம் சொல்வது வேறு. எழும்பும் வேகத்தை நெருங்கும்போது இறக்கை எடையில் பாதிக்கு மேல் தூக்கிக்கொண்டிருக்கும்; சக்கரத்தில் பிடிமானம் குறைந்திருக்கும்; சுக்கானும் ஏலரானும் பாதி உயிரோடு இருக்கும். அது வண்டியும் இல்லை, விமானமும் இல்லை.

1974 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் தளத்தில் ஒய்எஃப்-16க்கு வேக ஓட்டம் மட்டுமே திட்டம். விமானி ஃபில் ஆஸ்ட்ரைக்கர். மூக்கைத் தூக்கியதும் விமானம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. கட்டுப்பாடு அளவுக்கு மீறிய கூர்மையோடு இருந்தது, திருத்தத் திருத்த ஆட்டம் பெருகியது. வால் இறக்கை தரையில் உரசியது. பாதையை விட்டு விலகிப்போகும் நிலையில் அவர் விசையைக் கூட்டி மேலேறிவிட்டார். ஆறு நிமிடம் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கினார். 'அதிகாரபூர்வ' முதல் பறப்பு பிப்ரவரி 2 அன்று நடந்தது. நிறுத்துவதைவிடப் பறப்பது பாதுகாப்பு என்று ஒரு தரைச் சோதனை முடிந்தது.

இன்னும் இரண்டு வலைகள் உண்டு. ஒன்று வெப்பம். வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கிவரும் லாரியின் பிரேக் வாசனை தெரிந்தவர்களுக்கு இது புரியும். அடுத்தடுத்து நாலு ஓட்டம் ஓடினால் ஐந்தாவதில் பிரேக் பிடிக்காது, அல்லது டயர் வெடிக்கும். இடையில் ஆறவிட வேண்டும், அவசரப்பட்டவர்கள் ஆறவிடுவதில்லை.

மற்றொன்று தரையின் ஏமாற்று. இறக்கை நீளத்துக்குள் தரை இருக்கும்போது காற்றுத் தடை குறைந்து, பறக்கப் போதாத வேகத்திலேயே விமானம் மிதந்துவிடும். "கொஞ்சம் எழும்பிப் பார்த்து உடனே இறக்கிவிடலாம்" என்று நினைத்த கைவினை விமானி, எதிர்பாராமல் இரண்டு ஆள் உயரத்தில் மிதந்தபடி, முன்னால் தீர்ந்துகொண்டிருக்கும் ஓடுபாதையைப் பார்ப்பார். ஏற வேகமில்லை, இறங்க இடமில்லை. குட்டிக் குட்டித் தாவல்களால் பழகிக்கொள்ளும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. வேக ஓட்டத்தை ஓரிரு முறை, குறிப்பிட்ட கேள்வியோடு செய்ய வேண்டும். பறக்கத் தயாரான விமானி, பறக்கத் தயாரான விமானம், முழுப் பாதை இவை இல்லாமல் செய்யவே கூடாது.

தரை 'வேண்டாம்' என்றால்

எக்ஸ்-57 என்பது நாசாவின் மின்சார விமானம். டெக்னாம் நிறுவனத்தின் இரட்டை எஞ்சின் விமானத்தை எடுத்து, பெட்ரோல் எஞ்சின்களைக் கழற்றி மின்மோட்டார் பொருத்தினார்கள். மோட்டார்கள் தரையில் சுழன்றன. ஆனால் உந்து அமைப்பில், விமானிக்கும் தரையில் நிற்பவர்களுக்கும் ஆபத்தாகக்கூடிய ஒரு பழுது வாய்ப்பைத் தரையில் இருக்கும்போதே கண்டார்கள். அதைத் தீர்க்கத் திட்டத்தின் காலமும் பணமும் போதாது. 2023 ஜூனில், பறக்காமலே முடித்துக்கொள்வதாக நாசா அறிவித்தது.

பறந்த விமானத்துக்கும் தரை விடைகொடுப்பதில்லை. முதல் பறப்பில் சக்கரத்தை மடக்காமலே சுற்றிவருவது பரவலான வழக்கம். மடக்கி விரிப்பதைத் தரையில் ஜாக்கியில் தூக்கிப் பலமுறை பார்த்திருந்தாலும், புதிய கேள்வி எதையும் முதல் நாளில் சேர்ப்பதில்லை. இறங்கியதும் மூடிகளைக் கழற்றி மறுபடி விரல் வைத்துத் தடவுவார்கள். பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் கட்டிய ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பர் 3 அன்று முதலில் பறந்தது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அடர்ந்த காற்றில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று அங்கே தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே 2022 பிப்ரவரி 19 அன்று ஒன்றரை மணி நேரம் பறந்து புதுச்சேரிக்கு வந்து, ஏற்றம், வேகம், கையாளும் தன்மை எல்லாவற்றையும் கடலோரக் காற்றில் சோதித்தார்கள்.